மேம்பாலத்துக்கு ஒரு கேம்

என் இடுப்பெலும்பு முறிந்ததில் கொஞ்சமாவது சந்தோஷப்பட்ட ஒரே ஆள் என் கணவர்தான். இதை அவரிடமே சொல்லியிருக்கிறேன். "ஏம்மா இப்புடிப் பேசுற" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். ஆனால் நான் கண்ணால் பார்த்தவள். ஆபரேஷன் முடிந்து பிளேட் வைத்த பிறகு டாக்டர், "இனிமே ரொம்ப நாளைக்கு மோட்டார் சைக்கிள்ல பின்னால உக்காரக் கூடாதும்மா. உயரமான பஸ் படியும் ஏறாதீங்க" என்று சொன்னபோது, கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்த என் கணவரின் முகம் பளிச்சென்று மலர்ந்தது.

"அப்ப சைடுகார்ல உக்காரலாமா சார்?"

மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டில் ஒற்றைச் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு வருமே, அந்த இருக்கைத் தொட்டியைத்தான் கேட்டார். அந்தக் கேள்வியை அந்த டாக்டர் அதற்கு முன் கேட்டிருக்க மாட்டார். கொஞ்சம் யோசித்தார். இருக்கை நாற்காலி உயரத்துக்கு இருந்து, காலைத் தூக்காமல் ஏறி இறங்கக் கதவும் இருந்தால் உட்காரலாம் என்றார். அவ்வளவுதான். என் கணவர் அதற்கப்புறம் டாக்டர் சொன்ன மாத்திரை விவரம் எதையும் காதில் வாங்கவில்லை. நான்தான் படுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டேன்.

எங்கள் வீடு பெரம்பலூரில். அவருக்கு அங்கேயே மோட்டார் வைண்டிங் கடை. கிணற்று மோட்டார், போர் மோட்டார் எல்லாம் காயில் கட்டித் தருவார். எனக்கு வேலை அரியலூரைத் தாண்டி ரெட்டிபாளையம் பக்கம், சுண்ணாம்புக்கல் லாரிகள் வந்துபோகும் ஒரு யார்டில். எடைமேடையில் உட்கார்ந்து, காலி வண்டியையும் லோடு வண்டியையும் எடை போட்டுச் சீட்டுக் கொடுப்பது என் வேலை. தினமும் காலையில் அவர் புல்லட்டில் பின்னால் உட்கார்ந்து போவேன். என்னை விட்டுவிட்டு அவர் திரும்பி வந்து கடை திறப்பார். மழை பெய்த ஒரு நாள் அந்த எடைமேடையின் இரும்புத் தகட்டிலேயே வழுக்கி விழுந்தேன். எத்தனையோ டன்னைத் தாங்கிய தகடு, நான் விழுந்ததற்கு அசையக்கூட இல்லை.

யார்டு முதலாளி நல்ல மனிதர். "பொங்கல் வரைக்கும் ஒங்க எடத்த வச்சிருக்கேன்மா. அதுக்கு மேல வேற ஆள் போட்டாத்தான் எனக்கு ஓடும்" என்றார். நியாயமான பேச்சு. நியாயமாக இருந்ததாலேயே எனக்குக் கூடுதல் எரிச்சல்.

வேலை போனால் போகட்டும், வீட்டிலிருந்து ஓய்வெடு என்று சொல்லாத சொந்தக்காரர் பாக்கியில்லை. ஓய்வு என்கிற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்யாணமான புதிதிலிருந்து வேலைக்குப் போகிறவள் நான். அந்த யார்டில் நான் ஒருத்திதான் பெண். மீசையை முறுக்கிக்கொண்டு வரும் டிப்பர் டிரைவர்கள் எல்லாம் என் ஜன்னலுக்குக் கீழே வந்து, "அக்கா, சீட்டு" என்று கையை நீட்டுவார்கள். அதை விட்டுவிட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் எப்படி விழுந்தேன் என்று கதை சொல்லிக்கொண்டு கட்டிலில் கிடக்க என்னால் ஆகாது. இடுப்பு வலித்ததைவிட அந்த நினைப்புதான் வலித்தது.

கார் வாங்கலாமே என்று கேட்டார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் கார் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளலாமே என்று மேலும் கேட்டவர்களுக்கு என் கணவர் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. அவருக்கு அந்தப் பழைய புல்லட் இருக்க வேறொரு வண்டி வீட்டுக்குள் வருவது சம்மதமில்லை.

ஆக, சைடுகார் வந்தது. திருச்சிப் பக்கம் ஒருவரிடம் மாட்டுக் கொட்டகையில் கிடந்ததை வாங்கி வந்து, இருக்கையை உயர்த்தி, பக்கத்தில் கதவு வெட்டி, குடையும் வைத்தார். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடந்து அதற்கெல்லாம் அனுமதி வாங்கியது தனிக் கதை. எனக்காக இவ்வளவு செய்கிறாரே என்று நானும் உருகித்தான் போனேன். அவர் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்த அன்று அந்த உருக்கம் கொஞ்சம் குறைந்தது.

நான் கட்டிலில் இருந்ததால் எனக்குப் பதிலாக இரண்டு சிமெண்டு மூட்டையைச் சைடுகாரில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்.

"ரெண்டு மூட்டையா? நூறு கிலோங்க! எடை போடுறவகிட்டயே இப்புடியா?"

"ஒன் கைத்தடி, சாப்பாட்டுக் கூடை, தண்ணி கேன் எல்லாம் இருக்குல்ல."

சரி, அது போகட்டும். அந்த இரண்டு மூட்டையோடு அரியலூரில் ரயில் பாதைக்கு மேலே போகிற மேம்பாலத்தில் ஏறும்போது முன்னால் போன டிப்பர் நின்றுவிட்டது. இவரும் நின்றார். மறுபடி கிளப்பினால் வண்டி ரெண்டு முக்கு முக்கி அணைந்துவிட்டது. உதைத்து உதைத்துக் கிளப்பினாலும் கிளட்சை விட்டதும் அணைகிறது. கடைசியில் பின்னால் வந்த லாரி கிளீனர் இறங்கி வந்து தள்ளிவிட்டிருக்கிறார். "சார், சிமெண்ட எறக்கிட்டுப் போங்க" என்று யோசனையும் சொல்லியிருக்கிறார்.

முன்னூற்றைம்பது சிசி இன்ஜின் மூன்று சக்கரத்தையும் இரண்டு ஆளையும் இழுக்கத் திணறுகிறது. பெரிய இன்ஜின் வேண்டும். இதைச் சொல்லும்போது அவர் குரலில் கவலைதான் இருந்தது. கண்ணில் மட்டும் இல்லை. சிலிண்டரை அகலமாக்கிப் பெரிய பிஸ்டன் போடுவது, பிஸ்டன் மேலும் கீழும் போகிற தூரத்தைக் கூட்டுவதற்கு வேறு கிராங்க் போடுவது என்று எல்லாவற்றையும் ஏற்கெனவே மனதுக்குள் முடிவு செய்து வைத்திருந்தார். எத்தனை வருட ஆசையோ, பாவம். என் இடுப்பு அதற்குச் சாக்காகக் கிடைத்தது. சும்மா கிடப்பதற்கு ஏதோ ஒன்றுக்கு உபயோகப்படட்டும் என்று நானும் தலையாட்டினேன்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஜல்லி கிரஷர் இருக்கிறது. காலையில் துடைத்த மேசையில் மத்தியானம் பெயர் எழுதலாம். இன்ஜினைத் திறந்து வைத்தால் அந்தத் தூசியில் புதுப் பிஸ்டன் வீணாகிவிடும். அதனால் வீட்டிலேயே தூசி குறைவான அறையில்தான் வேலை நடக்கவேண்டும் என்றார். அது நான் படுத்திருந்த அறை. ஜன்னலைச் சாத்தி, ஈரத்துணி தொங்கவிட்டு, என் கட்டிலுக்குப் பக்கத்தில் பழைய போர்வையை விரித்து, அதன்மேல் இன்ஜினை வைத்தார். விருந்தாளியாக என்னைப் பார்க்க வந்தவர்கள் ஆப்பிளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

சிலிண்டருக்கும் கிராங்குக்கும் எங்களுக்குள் சண்டை வரவில்லை. அவை திருச்சிப் பட்டறையில் முடிந்து வந்தன. சண்டை வந்தது கேமில்.

கேம் என்றால் என்ன என்று அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டே நான் கற்றுக்கொண்டேன். இன்ஜினுக்கு இரண்டு வாசல். ஒன்றில் பெட்ரோலும் காற்றும் உள்ளே வரும், இன்னொன்றில் எரிந்த புகை வெளியே போகும். ஒவ்வொரு வாசலையும் திறந்து மூடுவது ஒரு கேம். அது ஒரு பக்கம் புடைத்த இரும்புத் துண்டு. சுற்றும்போது அந்தப் புடைப்பு வாசல் கதவைத் தள்ளித் திறக்கும். புடைப்பு எவ்வளவு பெரியதோ அவ்வளவு தூரம் திறக்கும், எவ்வளவு அகலமோ அவ்வளவு நேரம் திறந்திருக்கும். எங்கள் வண்டிக்கு உள்ளே விட ஒன்று, வெளியே விட ஒன்று என்று இரண்டு தனித்தனிக் கேம்.

பெரிய கேம் போட்டால் நிறையக் காற்று வரும், வண்டி பறக்கும் என்பது என் கணவரின் கட்சி. எனக்குப் புரிந்தது வேறு. டவுன் பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். பஸ் வேகமாகக் கிளம்பிவிட்டால் ஏறினவர்கள் உள்ளே இருப்பார்கள். மெதுவாக உருண்டுகொண்டு, கதவையும் ரொம்ப நேரம் திறந்தே வைத்திருந்தால், ஏறினவர்களில் நாலு பேர் இறங்கிவிடுவார்கள். காற்றை உள்ளே விடுகிற இன்டேக் கேம் பெரிதாக இருந்தாலும் அப்படித்தான். இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது பிரமாதம், மெதுவாகச் சுற்றும்போது வந்த காற்றையே திருப்பி அனுப்பிவிடும். மேம்பாலத்தில் நின்று கிளம்பும்போது இன்ஜின் மெதுவாகத்தானே சுற்றும்? எனக்கு வேண்டியது பறப்பது இல்லை, இழுப்பது. ஐம்பது டன் லோடோடு எடைமேடையை விட்டு முதல் கியரில் நகரும் டிப்பரை ஒரு நாள் முழுக்கப் பார்க்கிற எனக்கு இதை யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

"பழைய கேமே இருக்கட்டும்" என்றேன்.

"இவ்வளோ பெரிய இன்ஜின்ல அந்தக் குட்டிக் கேமா? கேக்குறவன் சிரிப்பான்."

"கேக்குறவனா என்னை யார்டுல கொண்டுபோயி வுடப் போறான்?"

இந்த நிலையில்தான் கணவரின் நண்பர் வளைகுடாவிலிருந்து லீவில் வந்தார். எங்கள் மாவட்டத்து லப்பைக்குடிக்காட்டுக்காரர். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. வளைகுடாவில் மோட்டார் சைக்கிள் பட்டறை ஒன்றில் பெரிய மெக்கானிக். எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே செருப்போடு சேர்த்துச் சிரிப்பையும் சத்தத்தையும் ஆரம்பித்துவிடுவார்.

"என்ன தங்கச்சி, எப்புடி இருக்கு இடுப்பு? அல்ஹம்துலில்லாஹ், மூஞ்சி தெளிவா இருக்கே! டேய் மாப்ள, இங்க வா. ஒனக்கு என்ன கொண்டாந்திருக்கேன் பாரு."

பெட்டியிலிருந்து பிஸ்தா வந்தது, சென்ட் பாட்டில் வந்தது, எனக்கு ஒரு போர்வை வந்தது. பிறகு ஒரு டவலுக்குள் சுற்றிய பொருள். பிரித்தால் பளபளவென்று இரண்டு கேம். ரேஸ் வண்டிக்காரர்கள் போடுவது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, தன் கைப்பையிலேயே வைத்துத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

"இருக்குறதுலயே பெருசு மாப்ள. போன்ல நீதான சொன்ன, சென்னை பைபாஸ்ல சும்மா விரட்டணும்னு."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் பிஸ்தாவைப் பார்த்தார்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் அந்தப் பெட்டியிலிருந்து வருகிற எதையும் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. பாலைவனத்து வெயிலில் நின்று சம்பாதித்தவன், நம்மை நினைத்து, எடை பார்த்துப் பார்த்து அடுக்கிக் கொண்டுவருகிற சாமான். அதை மறுத்தால் மனுஷனையே மறுத்த மாதிரி. அந்த நண்பர் ஒவ்வொரு லீவுக்கும் என் கணவருக்குச் சட்டை கொண்டுவருவார். எல்லாம் தோள் முழங்கையில் வந்து நிற்கும். நண்பர் ஊரில் இருக்கும் வரை என் கணவர் அந்தச் சட்டைகளையே மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வார். அவர் விமானம் ஏறியதும் அவை பீரோவுக்குப் போகும். கேமும் அப்படித்தான் ஆகப்போகிறது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் தனியாக இருந்தபோது கேட்டேன். "மாட்டுவோம். அவன் ஊருக்குப் போனதும் கழட்டிட்டுப் பழச போட்டுக்கலாம்" என்றார், குரலைத் தாழ்த்தி.

பொங்கலுக்கு அதிக நாள் இல்லை. நண்பர் கிளம்புவதும் பொங்கல் கழித்துத்தான். என் கணவர் ஒரு இன்ஜினைத் திறந்தால் மூடுவதற்குள் ஒரு முகூர்த்த மாதம் போய்விடும். ஒரு மனிதரின் மனம் கோணக்கூடாது என்பதற்காக என் வேலை போகப்போகிறது. ஆனால் அந்தப் போர்வை என் காலில் மெத்தென்று கிடந்தது, நான் என்னத்தைச் சொல்ல?

மறுநாள் காலையிலிருந்து இருவரும் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மாட்ட ஆரம்பித்தார்கள். பெரிய கேம், வாசல் கதவான வால்வை அதிக ஆழத்துக்கு இறக்கும். கீழேயிருந்து பிஸ்டன் மேலே வரும். இரண்டும் மோதினால் இன்ஜின் காலி. மோதாமல் இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பிஸ்டன் தலையில் களிமண் மாதிரி ஏதாவது மெத்தென்று வைத்து, மூடி, கையால் சுற்றிவிட்டு, திறந்து, நசுங்கிய களிமண்ணின் கனத்தை அளக்க வேண்டும்.

களிமண் வாங்கப் போகவேண்டுமே என்று நண்பர் சொன்னபோது என் கணவருக்கு மூளை வேலை செய்தது. நான் விழுந்ததிலிருந்து சமையல் அவர்தான். இரவுச் சாப்பாட்டுக்குச் சப்பாத்தி மாவு பிசைந்து வைத்திருந்தார். அதில் ஒரு உருண்டை வந்தது. பிஸ்டன்மேல் வைத்தார்கள், ஒட்டாமல் இருக்க வால்வுக்கு எண்ணெயும் தடவினார்கள். மூடினார்கள். சுற்றினார்கள். திறந்து, பிளேடால் வெட்டி அளந்தார்கள்.

"மாஷா அல்லா! கை நெறைய எடம் இருக்குடா மாப்ள!"

இரண்டு பேரும் கை குலுக்கிக்கொண்டார்கள். நான் கட்டிலிலிருந்து அந்த மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்டிய மாவின் ஓரம் மெல்ல மெல்ல உள்வாங்கித் தடித்துக்கொண்டிருந்தது.

"என்னங்க, அந்த மாவ நம்பாதீங்க."

"ஏன்?"

"நீங்க தேய்க்கிற சப்பாத்தி என்னைக்காவது தேய்ச்ச எடத்துல நின்னுருக்கா? கட்டைய எடுத்ததும் சுருங்கித் தடியா ஆயிரும்ல. அதே மாவுதான? வால்வு அமுக்குனப்ப மெல்லிசா இருந்திருக்கும், நீங்க தெறக்குறதுக்குள்ள எழும்பிருச்சு."

நண்பர் மாவை விரலால் அமுக்கிப் பார்த்தார். அது எழும்பி வந்தது. இன்னொரு தடவை அமுக்கினார். மறுபடியும் வந்தது. அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே இறங்கியது. எழுந்து போய், பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டேஷனரி கடையில் பிள்ளைகள் விளையாடும் கலர் களிமண் வாங்கி வந்தார்.

இந்தத் தடவை அளந்தால், புகை வெளியே போகும் பக்கம் சரியாக இருந்தது. உள்ளே வரும் பக்கம் களிமண் வெற்றிலைக் கனத்துக்கு நசுங்கியிருந்தது. அப்படியே மாட்டி ஓட்டியிருந்தால் வால்வு பிஸ்டனில் இடித்திருக்கும்.

"பரவால்ல மாப்ள. பிஸ்டன் மண்டையில அந்தப் பக்கம் ஒரு குழி வெட்டிட்டா சரியாப் போயிரும். இந்தக் கேம வுட்டுறக் கூடாது."

"வெட்டிரலாம் மச்சான்" என்றார் என் கணவர், முழங்கை வரை தொங்கும் அந்தச் சட்டைக்குள் உட்கார்ந்துகொண்டு.

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"யாருக்காக வெட்டுறீங்க? இது ரேசுக்குப் போற வண்டியா, எடைமேடைக்குப் போற வண்டியா? அண்ணே, இவரு ஒங்ககிட்ட வாயத் தெறந்து சொல்ல மாட்டாரு, நான் சொல்றேன். எனக்கு இந்தக் கேம் வேணாம். எனக்கு மேம்பாலத்துல நின்னு கெளம்பணும், அவ்வளவுதான். பொங்கல் கழிஞ்சி நான் போகலைன்னா என் எடத்துல வேற ஆளு. நான் இந்தக் கட்டில்லயே கெடந்து சாவணுமா? இவருக்கு ஒங்க மனசு கோணக் கூடாது. இந்தா போட்டுருக்காரே சட்டை, இது கூட இவருக்குப் பெருசுண்ணே. எல்லாச் சட்டையும் பெருசு!"

என் கணவர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் இன்ஜினைத் துடைத்தார். நண்பர் அந்தச் சட்டையைப் பார்த்தார். தோளைப் பார்த்தார், முழங்கையைப் பார்த்தார்.

"எத்தன வருஷமாடா?"

"மொதல்லேருந்தே."

"என் அளவுக்குத்தான்டா எடுப்பேன்! ஸ்கூல்ல என் சட்டைய நீ போட்டுக்குவியே!"

"அப்ப நீ ஒல்லியா இருந்த."

நண்பர் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அதில் கொஞ்சம் சிரிப்பு இல்லாததும் இருந்தது, எனக்குத் தெரிந்தது. பேசியது தப்போ என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தரையில் நகர்ந்து என் கட்டில் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"நீ சொல்லு தங்கச்சி. வூட்ட வுட்டுக் கெளம்புனா, எங்கெங்க நிக்கும்?"

நான் சொன்னேன். தெருமுனையில் நிற்கும். பேரளி வரை ஊருக்கு ஊர் வேகத்தடை. ஆடு குறுக்கே வரும். அப்புறம் சுண்ணாம்புக்கல் டிப்பர்கள் வரிசையாக முன்னால் ஊரும், முந்த முடியாது, முந்தினாலும் அதற்கு முன்னால் இன்னொன்று. அரியலூருக்குள் நத்தை மாதிரி. பிறகு மேம்பாலம், அங்கே முன்வண்டி நின்றால் நாமும் ஏற்றத்தில் நிற்க வேண்டும்.

"எண்பதுக்கு மேல போற எடம்?"

"இல்லண்ணே."

"எழுபது?"

"காத்துக் கூட எழுபதுல அடிக்காது."

நண்பர் என் கணவரைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! "கேம் மாத்த வர்றவன்கிட்ட நாங்க மொதல்ல கேக்குறதே இதத்தான்டா. எப்புடி ஓட்டுவ, எங்க ஓட்டுவ. நீ என்னடா சொன்ன? பைபாஸு, விரட்டுறது... நாசமாப் போறவனே. தங்கச்சிக்கு ஏத்த மாதிரி ஒரு கேம கொண்டாந்திருப்பேன்ல?"

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் நான் சமாதானம் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"அப்ப பழைய கேம் ரெண்டையும் போட்டுரலாம்ல?" என்று ஜெயித்த தோரணையில் கேட்டேன். அதற்கும் நண்பர் தலையாட்டவில்லை. அவ்வளவு பெரிய சிலிண்டரில் எரிகிற புகை முழுவதும் பழைய குட்டிக் கேம் திறக்கிற வாசல் வழியாக வெளியேற நேரம் போதாது, மூச்சு முட்டிச் சூடேறிவிடும் என்றார். நான் அதை யோசித்தே இருக்கவில்லை. உள்ளே வருவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன், வெளியே போவதை மறந்துவிட்டேன்.

"ஒண்ணு பண்ணுவோம். உள்ள வுடுறதுக்கு ஒங்க பழசு. அது சீக்கிரம் மூடிரும், மெதுவாப் போறப்ப இழுவை இருக்கும். வெளிய வுடுறதுக்கு என்னுது. களிமண்ணுலயும் அந்தப் பக்கம் சரியாத்தான் வந்துச்சு."

"அப்புடி ஒண்ணு பழசும் ஒண்ணு புதுசுமா போடுவாங்களா மச்சான்?"

"நான் போட்டுப் பாத்ததில்ல. இன்ஷா அல்லா, இழுக்கும்."

அவ்வளவுதான் எங்களிடம் இருந்த உத்தரவாதம். அன்றைக்கே மறுபடி களிமண் வைத்து அளந்து பார்த்தார்கள். இரண்டு பக்கமும் இடம் இருந்தது. மிச்சம் கேமை நண்பர் டவலில் சுற்றி எடுத்துக்கொண்டார். வருத்தமா என்று கேட்டேன். "அங்க இதுக்குச் சண்டை போட்டுக்கிட்டு வாங்குவானுங்க. போ தங்கச்சி" என்றார்.

புது இன்ஜினை முதலில் மெதுவாக ஓட்டிப் பழக்க வேண்டும். பொங்கல் முடியும் வரை என் கணவர் பெரம்பலூர்த் தெருக்களில் காலிச் சைடுகாரோடு உருட்டிக்கொண்டே இருந்தார். நிற்கும்போது சத்தம் பழைய மாதிரிச் சீராக வரவில்லை, லேசாக நொண்டியது. "என்னை மாதிரியே" என்றேன். அவர் சிரிக்கவில்லை. மேம்பாலத்தில் சுமையோடு ஏற்றிப் பார்க்க நேரமே கிடைக்கவில்லை.

பொங்கல் கழிந்த திங்கட்கிழமை கிளம்பினோம். டாக்டர் சொன்ன மாதிரி நாற்காலி உயரம், கதவு எல்லாம் சரியாக இருந்தது. கைத்தடியை உள்ளே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நண்பர் யாருடைய ஸ்கூட்டரையோ இரவல் வாங்கிப் பின்னால் வந்தார். டிப்பர்களின் பின்னால் ஊர்ந்தோம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டீ குடித்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். எனக்கு ராணி மாதிரிதான் இருந்தது, பொய் சொல்வானேன்.

மேம்பாலம் வந்தது. பாதி ஏறியிருப்போம். முன்னால் போன டிப்பரின் சிவப்பு விளக்கு எரிந்தது. நின்றது. நாங்களும் நின்றோம். பின்னால் ஒரு சிமெண்டு லாரி மூக்கை ஒட்டி வந்து நின்று ஹார்ன் அடித்தது. என் கணவர் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

குனிந்து சொன்னார்: "எறங்கிக்கிறியா? மெதுவா நடந்து வா. நான் மேல போயி நிக்கிறேன்."

அந்த ஏற்றத்தில் நடக்க என்னால் முடியாது என்பது இருக்கட்டும். இன்று இறங்கினால் தினமும் இறங்க வேண்டும். தினமும் இறங்கினால் ஒரு வாரத்தில் வீட்டில் இருப்பேன். அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"எறங்க மாட்டேன். கெளப்புங்க."

டிப்பர் நகர்ந்தது. அவர் கிளட்சை விட்டார். இன்ஜின் சத்தம் குழியில் விழுந்த மாதிரி கீழே போனது. டுக். டுக். அவ்வளவுதான், போயிற்று என்று நினைத்தேன். சைடுகாரின் கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அடுத்த டுக்கில் வண்டி முன்னால் நகர்ந்தது. அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். அவசரமே இல்லாமல், லோடு வண்டி எடைமேடையை விட்டு நகர்கிற மாதிரியே, எங்களை இழுத்துக்கொண்டு மேலே ஏறியது. உச்சியில் அரியலூர் ஸ்டேஷன் பக்கம் ரயில் ஒன்று நிற்பது தெரிந்தது. நான் வாய்விட்டு அழுதேன். என் கணவர் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் அவர் காதெல்லாம் சிரித்தது. பின்னால் இரவல் ஸ்கூட்டர் ஏற்றத்தில் அணைந்துபோய், நண்பர் அதைத் தள்ளிக்கொண்டே எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

யார்டில் டிரைவர்கள் வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். என் கணவருக்குச் சொல்லவா வேண்டும்? எடைமேடைக்கு நேர் முன்னாலேயே புல்லட்டை நிறுத்தி வைத்துக்கொண்டு, இன்டேக் பழசு, எக்ஸாஸ்ட் புதுசு என்று கைகளால் வாசலைத் திறந்து மூடிக் காட்டிக்கொண்டிருந்தார். நண்பர் வேறு வந்து சேர்ந்துகொண்டார். நான் கைத்தடியை ஊன்றி, ஒவ்வொரு அடியாக வைத்து, என் அறைக்குப் போனேன். நாற்காலியை எனக்கு ஏற்ற மாதிரி இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தேன். ஜன்னல் கண்ணாடியில் தூசி அப்பியிருந்தது, துடைத்தேன். தூரத்தில் கல் லோடோடு முதல் டிப்பர் வளைவில் திரும்புவது தெரிந்தது.

மைக் ஸ்விட்சைத் திருகினேன். யார்டு முழுவதும் என் குரல் கேட்டது.

"எடைமேடைக்கு முன்னால நிக்கிற மோட்டார் சைக்கிள எடுங்க. லோடு வருது."

கூட்டம் விலகியது. என் கணவர் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, மற்ற டிரைவர்கள் எல்லாரையும் போல, "தோ, எடுத்துட்டேங்க" என்று கையைத் தூக்கிச் சொல்லிவிட்டு வண்டியை உதைத்துக் கிளப்பினார்.